மருந்துக் களஞ்சியத்துக்கு எந்தக் கணினி மொழி?

(நூற்றாண்டு விழாவையொட்டிய உரைத் தொடரில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



வைத்தியர்களை மேடைக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோ பேசுவார்கள் என்று எதிர்பார்ப்பது வழக்கம். இன்று நாங்கள் கணினி மொழிகளைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதற்குக் காரணம் உங்களில் பலர்தான். லண்டனிலும் றொறன்ரோவிலும் மெல்பேர்ணிலும் மென்பொருள் துறையில் உயர்ந்த நிலையில் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள், நூற்றாண்டு நினைவாக ஊர் வைத்தியசாலைகளுக்கு நல்லதொரு கணினி முறைமையை அன்பளிப்புச் செய்ய விரும்புகிறார்கள். மருந்துக் களஞ்சியம், வெளிநோயாளர் பதிவு, கிளினிக் திகதிகள், சம்பளக் கணக்கு என்று எதை எடுத்தாலும் உடனே ஒரு விவாதம் எழுகிறது. "பழையதைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிய மொழியில் எழுதுவோம்" என்கிறார்கள் இளையவர்கள். "ஓடுகின்ற வண்டியை ஏன் கழற்றுவான்?" என்கிறார்கள் மூத்தவர்கள்.

மருந்து எழுதும் நாங்கள் இந்தக் கேள்வியை வேறு விதமாகக் கேட்டுப் பழகியவர்கள். மெற்போமின் 1957 ஆம் ஆண்டிலிருந்து மனிதருக்குக் கொடுக்கப்பட்டு வருகிறது. இன்றும் நீரிழிவுக் கிளினிக்கில் பலருக்கு நாங்கள் முதலில் எழுதுவது அதைத்தான். அதே காலத்தில் வந்த எத்தனையோ மருந்துகளை நாங்கள் கைவிட்டுவிட்டோம். ஆகவே வயதை வைத்து நாங்கள் மருந்தைத் தெரிவு செய்வதில்லை. இது என்ன செய்கிறது, என்ன கெடுதி செய்யக்கூடும், தொடர்ந்து கிடைக்குமா, கொடுத்த பிறகு யார் கவனிப்பார்கள் என்றுதான் பார்க்கிறோம். கணினிக் கருவிகளையும் அப்படிப் பார்க்கலாம் என்பதே இன்று எங்கள் பேச்சு.

முதலில் பழைய கருவிகளுக்கு உரிய மரியாதையைச் செலுத்திவிடுவோம். வணிகக் கணக்குகளுக்கென்றே உருவான மொழி கோபோல். 1959 இல் ஐக்கிய அமெரிக்காவில், எல்லா நிறுவனங்களின் கணினிகளிலும் ஓடக்கூடிய பொதுவான வணிக மொழி ஒன்று வேண்டும் என்று முதலில் குரல் எழுப்பியவர் மேரி ஹோஸ் என்ற பெண்மணி. அந்த மொழிக்கு முன்மாதிரியாக அமைந்தது கிறேஸ் ஹொப்பர் உருவாக்கிய மொழி. அதை வடிவமைத்த குழுவில் முன்னின்று உழைத்தவர்களில் ஜீன் சம்மெற்றும் ஒருவர். கணினி ஆண்களின் துறை என்று இன்றும் யாராவது எங்கள் மாணவிகளிடம் சொன்னால், இந்த மூன்று பெயர்களையும் சொல்லுங்கள்.

கோபோல் மொழியில் ஒரு பெரிய நன்மை உண்டு. நாங்கள் கொப்பியில் எழுதுவது போலவே பத்தின் அடிப்படையில் அது கணக்குப் பார்க்கும். ரூபாயும் சதமும் எத்தனை தானங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பின்னர் வந்த பல மொழிகள் தசம எண்களை வழக்கமாக இரண்டின் அடிப்படையில் வைத்துக்கொள்கின்றன. அவற்றில் 0.1 ஐயும் 0.2 ஐயும் கூட்டினால் 0.3 வராது. 0.30000000000000004 என்று வரும். ஒரு பற்றுச்சீட்டில் அது தெரியாது. ஆயிரக்கணக்கான பற்றுச்சீட்டுகளைக் கூட்டி, கணக்காய்வாளர் வந்து ஒரு சதம் ஏன் இடிக்கிறது என்று கேட்கும்போது தெரியும். புதிய மொழிகளிலும் இதற்கென்று தனியான தசம வகை இருக்கிறது. ஆனால் எழுதுகிறவர் அதை அறிந்து பயன்படுத்த வேண்டும்.

எங்கள் துறைக்கும் ஒரு பழைய மொழி உண்டு. பொஸ்ரன் நகரிலுள்ள மசசூசெட்ஸ் பொது வைத்தியசாலையில் 1966, 1967 ஆம் ஆண்டுகளில் உருவான அதற்கு மம்ப்ஸ் என்று பெயர். நோயாளர் பதிவுகளுக்காகவே பிறந்த மொழி அது. அமெரிக்காவில் முன்னாள் படைவீரர்களுக்கான அரச வைத்தியசாலைகள் பல தசாப்தங்களாக அதில் எழுதப்பட்ட முறைமையையே நம்பியிருந்தன.

இனி மறுபக்கத்தைப் பார்ப்போம். ஊரில் நாங்கள் அதிகம் காண்பது கோபோலையோ மம்ப்ஸையோ அல்ல. பொக்ஸ்புரோவிலும் விசுவல் பேசிக்கிலும் யாரோ ஒரு தம்பி பல ஆண்டுகளுக்கு முன் எழுதிக் கொடுத்த நிரல்கள்தான் இன்னும் சில மருந்தகங்களிலும் களஞ்சியங்களிலும் ஓடுகின்றன. எழுதியவர் வெளிநாடு போயிருப்பார். களஞ்சியப் பொறுப்பாளருக்கு அதன் ஒவ்வொரு விசையும் மனப்பாடம். அது வேகமானது, மின்சாரம் இருந்தால் போதும், இணையம் தேவையில்லை. அந்த நிரலை ஏளனம் செய்ய எங்களுக்கு மனம் வராது.

ஆனால் அதில் மூன்று குறைகள் இருக்கின்றன.

முதலாவது, பாதுகாவலர் இல்லை. விசுவல் பேசிக் 6 இற்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2008 இல் நிறுத்திக்கொண்டது. பொக்ஸ்புரோவின் அடுத்த பதிப்பு வராது என்று 2007 இல் அறிவித்து, 2015 இல் முழுவதுமாகக் கைவிட்டது. விசுவல் பேசிக் முதலில் வெளிவந்தது 1991 இல். இன்று 'புதிய மொழி' என்று எங்கள் பிள்ளைகள் உயர்தர வகுப்பில் படிக்கும் பைதனும் அதே 1991 இல்தான் வெளிவந்தது. வயது ஒன்றுதான். ஒன்றை அதன் உரிமையாளர் கைவிட்டுவிட்டார். மற்றதை உலகம் முழுவதிலும் இருந்து பலர் சேர்ந்து வளர்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவை இரண்டையும்விட முப்பது வயது மூத்த கோபோலுக்கு 2023 இலும் புதிய சர்வதேசத் தரநிலை வெளிவந்திருக்கிறது. அப்படியானால் 'பழையதா, புதியதா' என்பது நாங்கள் கேட்க வேண்டிய கேள்வியே அல்ல. இதைப் பராமரிக்க ஆள் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இரண்டாவது குறை எங்கள் மொழியைப் பற்றியது. அந்த இரு கருவிகளும் ஒருங்குறியை இயல்பாகக் கையாளத் தெரியாதவை. ஆகவே நோயாளியின் பெயரை ஆங்கிலத்தில் எழுதுவார்கள், அல்லது பாமினி எழுத்துருவில் தட்டச்சுச் செய்வார்கள். பாமினியில் நாங்கள் காண்பது தமிழ், கணினி காண்பது ஆங்கில எழுத்து. எழுத்துருவை மாற்றினால் 'அம்மா' என்ற சொல்லே நடுவில் அரைப்புள்ளியுடன் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். அதை அகரவரிசைப்படுத்தவோ ஒழுங்காகத் தேடவோ முடியாது.

ஆங்கிலத்தில் எழுதினால் வேறு சிக்கல். தவமலர் என்ற பெயரை ஒரு எழுதுவினைஞர் 'எச்' சேர்த்து எழுதுவார், அடுத்தவர் சேர்க்காமல் எழுதுவார். எங்கள் பெண்களுக்கு இன்னுமொரு வில்லங்கம் இருக்கிறது. கலியாணத்துக்கு முன் தகப்பனின் முதலெழுத்து, பின் கணவனின் முதலெழுத்து. இப்படி ஒரு தவமலர் அக்கா மூன்று ஆட்களாகப் பதிவில் இருப்பார். பெனிசிலின் ஒவ்வாமை என்ற குறிப்பு ஒன்றில் இருக்கும். இரவு பத்து மணிக்கு விடுதிக்கு வரும்போது திறக்கப்படுவது மற்றதாக இருக்கும். நோயாளர் கிளினிக் கொப்பியைக் கையோடு கொண்டு வந்தால் தப்பினோம். பெயரைத் தமிழிலேயே ஒழுங்காக எழுதும் வசதி இந்தச் சிக்கலில் பாதியைத் தீர்க்கும். ஒவ்வொருவருக்கும் மாறாத ஓர் இலக்கம் மீதிப் பாதியைத் தீர்க்கும். இதைச் செய்ய முடியாத கருவி எத்தனை வேகமாக ஓடினாலும் எங்களுக்கு ஆபத்தானதே.

மூன்றாவது குறை, பாதுகாப்பு. திருத்தங்கள் வராத கருவிகளைப் பழைய கணினியில்தான் வைத்திருக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கணினியை இணையத்தில் இணைக்கவும் பயம், இணைக்காமல் வைத்திருக்கவும் கஷ்டம்.

"அப்படியென்றால் தூக்கி எறிய வேண்டியதுதானே?" என்று இளையவர்கள் கேட்பார்கள். கொஞ்சம் பொறுங்கள். மாற்றும் வேலையே ஒரு சத்திரசிகிச்சை. அதற்கும் ஆபத்து உண்டு.

முன்னர் சொன்ன அமெரிக்கப் படைவீரர் வைத்தியசாலைகளையே எடுத்துக்கொள்வோம். தங்கள் பழைய முறைமையை மாற்றிப் புதியதொன்றை வாங்க 2018 இல் ஒப்பந்தம் செய்தார்கள். 2020 ஒக்ரோபரில் வாஷிங்ரன் மாநிலத்தின் ஸ்போகேன் நகரில் முதல் வைத்தியசாலையில் அது தொடங்கப்பட்டது. அங்கே வைத்தியர்கள் எழுதிய பரிசோதனைக் கட்டளைகளும் பரிந்துரைகளும் போய்ச் சேர வேண்டிய இடம் சரியாகப் பொருந்தாதபோது, யாருக்கும் தெரியாத ஒரு வரிசையில் போய் விழுந்தன. எழுதியவருக்கு எச்சரிக்கை எதுவும் வரவில்லை. 2021 ஜூன் வரை இப்படி 11,000 இற்கும் மேற்பட்ட கட்டளைகள் காணாமல் போயின என்றும், அதனால் நோயாளர்கள் பாதிக்கப்பட்டார்கள் என்றும் அந்தத் திணைக்களத்தின் கண்காணிப்பு அலுவலகமே 2022 இல் அறிக்கை வெளியிட்டது. 2023 இல் ஏனைய வைத்தியசாலைகளுக்கு அதை விரிவுபடுத்துவதை நிறுத்தி வைத்தார்கள். பணத்துக்கோ நிபுணர்களுக்கோ குறைவில்லாத நாடு அது.

வங்கித் துறையிலும் இதுவே நடந்தது. பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் தன் வாடிக்கையாளர் கணக்குகளை ஒரே வாரஇறுதியில் புதிய முறைமைக்கு மாற்றியது. கணக்குகள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தன. ஆனால் பெருந்தொகையானோர் தங்கள் கணக்குக்குள் நுழைய முடியாமல் தவித்தார்கள். வழமை நிலைக்குத் திரும்ப அந்த ஆண்டின் டிசம்பர் வரை சென்றது. 2022 இல் அந்த வங்கிக்கு 4 கோடியே 86 இலட்சத்து 50 ஆயிரம் பவுண் தண்டப்பணம் விதிக்கப்பட்டது.

ஏன் இப்படி நடக்கிறது? பழைய நிரலுக்குள் இருப்பது வெறும் கணினி மொழி அல்ல. அந்த இடத்தின் அனுபவம் அதற்குள் இருக்கிறது. முதலில் காலாவதியாகும் மருந்தை முதலில் வெளியே கொடு, இந்த மருந்தை ஒரு மாதத்துக்குக் கொடுக்கலாம், அந்த மருந்தை இரண்டு கிழமைக்கு மேல் கொடுக்காதே, இந்த அளவுக்குக் கீழே போனால் பிராந்திய களஞ்சியத்துக்கு அறிவி என்ற விதிகளை ஒவ்வொரு சம்பவத்துக்குப் பிறகும் யாரோ ஒரு மருந்தாளர் சொல்ல, யாரோ ஒரு நிரலாளர் சேர்த்திருப்பார். அவை எந்தத் தாளிலும் எழுதப்பட்டிருக்காது. புதிதாக எழுதுகிறவர் திரையைப் பார்த்து எழுதுவார். திரையில் தெரியாத விதி சத்தமில்லாமல் விடுபட்டுப் போகும்.

சரியாக மாறிய ஓர் உதாரணத்தையும் சொல்ல வேண்டும். தென்னாபிரிக்காவில் நிறவெறி ஆட்சி முடிந்த பின், மாவட்டச் சுகாதாரத் தரவுகளைச் சேர்க்க ஒரு மென்பொருள் உருவானது. மைக்ரோசொஃப்ட் அக்சஸ் என்ற எளிய கருவியில் எழுதப்பட்டுத் தனித்தனிக் கணினிகளில் அது ஓடியது. அன்றைய நிலைமைக்கு அது பொருத்தமாகவும் இருந்தது. பின்னர் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட குழுவினர் அதையே ஜாவா மொழியில், உலாவியில் இயங்கும் திறந்த மூல மென்பொருளாகப் புதிதாக எழுதினார்கள். அதுதான் டிஎச்ஐஎஸ் 2. 2006 இல் முதலில் கேரளத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. தரவுகளை எப்படி ஒழுங்குபடுத்துவது என்று பழைய மென்பொருளில் கற்ற பாடத்தை அவர்கள் கைவிடவில்லை. கருவியைத்தான் மாற்றினார்கள். அதைவிட முக்கியமாக, அந்தந்த நாட்டிலேயே அதைப் பராமரிக்கக்கூடியவர்களைப் பயிற்றுவித்தார்கள்.

அதன் பலனை எங்கள் நாடும் கண்டது. 2020 ஜனவரியில் கொரோனா பரவத் தொடங்கியபோது, விமான நிலையம் வழியாக வருவோரைப் பதிந்து கண்காணிக்க எங்கள் சுகாதார அமைச்சும் இங்குள்ள நிபுணர்களும் டிஎச்ஐஎஸ் 2 இல் சில நாட்களுக்குள் ஒரு முறைமையை அமைத்தார்கள். பின்னர் வேறு நாடுகளும் அதைப் பின்பற்றின. மென்பொருளை எங்கிருந்தும் தரவிறக்கலாம். அதைத் திறந்து திருத்தத் தெரிந்தவர்கள் அன்றைக்குக் கொழும்பில் இருந்தார்கள் என்பதுதான் கைகொடுத்தது.

ஆகவே, அன்பளிப்புச் செய்ய விரும்பும் எங்கள் சகோதரிகளிடம் நாங்கள் நான்கு கேள்விகளை வைக்கிறோம்.

ஒன்று. இது பழுதுபட்டால் ஊரில் யார் திருத்துவார்கள்? றொறன்ரோவில் நள்ளிரவாக இருக்கும்போது இங்கே கிளினிக் நடக்கும். இங்குள்ள இளைஞர்களுக்குத் தெரிந்த மொழியில் எழுதுங்கள். பைதன், பிஎச்பி, ஜாவா மூன்றும் தெரிந்த பிள்ளைகள் எங்கள் பல்கலைக்கழகங்களிலிருந்து ஆண்டுதோறும் வெளியேறுகிறார்கள். இந்த ஆண்டு பிரபலமாகி அடுத்த ஆண்டு மறக்கப்படும் கருவி எங்களுக்கு வேண்டாம்.

இரண்டு. தரவு முழுவதையும் எப்போது வேண்டுமானாலும் வெளியே எடுக்க முடியுமா? நிரல் போனால் இன்னொன்று எழுதலாம். பத்தாண்டு நோயாளர் பதிவு போனால் போனதுதான். நிரலின் மூலமும் கடவுச்சொற்களும் வைத்தியசாலையின் கையில் இருக்க வேண்டும். அன்பளிப்புச் செய்தவரின் மடிக்கணினியில் இருந்தால் போதாது.

மூன்று. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் பெயரை ஒழுங்காக எழுதவும் தேடவும் முடியுமா? தமிழ் தெரிந்த தாதி தமிழில் தேடும்போதும் சிங்கள மொழி பேசும் வைத்தியர் ஆங்கிலத்தில் தேடும்போதும் ஒரே ஆள்தான் வர வேண்டும்.

நான்கு. மின்சாரமும் இணையமும் இல்லாத நேரத்தில் என்ன நடக்கும்? 2022 இல் ஒரு நாளில் பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு இருந்ததை யாரும் மறக்கவில்லை. தொலைதூரச் சேவையகத்தை மட்டும் நம்பும் முறைமை அன்றைக்கு ஊமையாகிவிடும். வைத்தியசாலைக்குள்ளேயே ஓடும் பிரதி ஒன்றும், அச்சிட்ட படிவங்களும், மின்சாரம் வந்ததும் அவற்றைப் பதியும் ஒழுங்கும் வேண்டும்.

இந்த நான்குக்கும் பழைய நிரல் விடை சொன்னால் அதை மாற்றாதீர்கள். நாங்கள் பார்த்தவரையில் பொக்ஸ்புரோ நிரல்கள் நான்காவதுக்குப் பாதி விடை சொல்கின்றன, மற்ற மூன்றிலும் தோற்றுவிடுகின்றன. எனவே அவற்றை மாற்றத்தான் வேண்டும் என்பது எங்கள் முடிவு. ஆனால் மாற்றும் முறை முக்கியம்.

முதலில் ஒருவர் வந்து மருந்தாளரோடும் களஞ்சியப் பொறுப்பாளரோடும் சில நாட்கள் இருந்து, எழுதப்படாத விதிகளையெல்லாம் தமிழில் எழுதட்டும். அந்தக் கொப்பியே உங்கள் அன்பளிப்பின் முதற்பகுதி. பிறகு தரவை வெளியே எடுத்து, பாமினியில் உள்ளதை ஒருங்குறிக்கு மாற்றி, ஒரே ஆளின் இரட்டைப் பதிவுகளை மனிதக் கண்ணால் பார்த்து இணைக்க வேண்டும். இதைக் கணினியிடம் மட்டும் விடாதீர்கள். அதன்பின் ஒரு கருமபீடத்தில் மட்டும் புதியதைத் தொடங்கி, ஒரு மாத முடிவும் ஓர் இருப்புக் கணக்கெடுப்பும் கடக்கும்வரை பழையதையும் சேர்த்து ஓட்டி, இரண்டின் தொகைகளையும் ஒப்பிட வேண்டும். ஸ்போகேன் நகரின் பாடத்தையும் மறவாதீர்கள். பொருந்தாத பதிவு எதுவாக இருந்தாலும் அது பெயர் குறிப்பிட்ட ஒரு பொறுப்பாளரின் திரையில் சிவப்பாகத் தெரிய வேண்டும். பழைய கணினியை உடனே கழிவுக்குக் கொடுக்காமல், வாசிப்பதற்கு மட்டுமாவது சில காலம் வைத்திருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றியும் மனந்திறந்து பேசுவோம். அன்பளிப்புச் செய்பவர்கள் திறப்பு விழாவுக்குப் பணம் தருவார்கள். மூன்றாம் ஆண்டில் சேவையகத்தின் வன்தட்டு பழுதானால் யாரிடம் கேட்பது என்று வைத்தியசாலைக்குத் தெரியாது. எனவே சேரும் நிதி முழுவதையும் உருவாக்கத்தில் செலவழிக்காமல், ஒரு பகுதியைப் பராமரிப்புக்கென்று வங்கியில் வைப்பிலிடும்படி சங்கத்திடம் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கல்லூரியில் தகவல் தொழினுட்பம் படித்துப் பட்டம் பெற்ற பிள்ளைகளில் இருவருக்கேனும் அந்தப் பராமரிப்பு வேலையில் பயிற்சியும் ஊதியமும் கிடைக்கட்டும். அவர்கள் பின்னர் வெளிநாடு போகலாம். தடுக்க முடியாது, தடுக்கவும் கூடாது. போகுமுன் அடுத்த இருவருக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனையாக இருக்கட்டும்.

பழைய மாணவிகளே, உங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. நீங்கள் எழுதும் நிரல் நிச்சயம் ஓடும். நீங்கள் விமானம் ஏறிய பிறகும் அது ஓட வேண்டும் என்பதற்காகவே இத்தனையும் சொன்னோம். எந்த மொழியில் எழுதுவது என்று முடிவெடுக்கும் கூட்டத்துக்கு, அந்தக் களஞ்சியப் பொறுப்பாளரையும் மருந்தாளரையும் கட்டாயம் அழையுங்கள். கூட்டத்தை அவர்களது கடமை நேரத்துக்குப் பொருத்தமாக வையுங்கள். மேலே சொன்ன நான்கு கேள்விகளுக்கும் உங்கள் விடைகளை ஒரே தாளில் எழுதிச் சங்கச் செயலாளருக்கு அனுப்பினால், ஊரிலுள்ள வைத்தியர்களாகிய நாங்கள் உங்களோடு இருந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறோம்.